பெட்டி கட்டியவர்கள்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் என்று மூன்று நகரங்களைப் பார்த்துவரக் கிளம்பினேன். எட்டு நாள் பயணம். பணம் கட்டிய மறுநாளே பயண ஏற்பாட்டாளர்கள் கைபேசிக்கு ஒரு பட்டியல் அனுப்பினார்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பது தலைப்பு. கம்பளிச் சட்டை, பெல்ட், ஷேவிங் செட், நடப்பதற்கேற்ற ஷூ, கைபேசி சார்ஜருக்கு இரண்டு முள் பிளக் என்று நீண்டுகொண்டே போனது. பெண்களுக்கென்று ஒரே ஒரு வரி: விலை உயர்ந்த நகைகளைத் தவிர்க்கவும்.

எங்கள் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். மாதவிடாய் நாட்களுக்கு வேண்டியதைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு சொல் இல்லை. கல் பாவிய தெருவில் புடவையோடு எப்படி நடப்பது, காசு கொடுத்துப் போகும் கழிப்பறையில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்வது, 60 வயதைக் கடந்தவரின் முழங்கால் உறையை எந்தப் பெட்டியில் வைப்பது, எதுவும் இல்லை. எழுதியவர் தன் உடம்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐரோப்பாவுக்குப் போகிறவர் என்றால் கோட்டுப் போட்ட ஓர் ஆள்தான் நம் எல்லார் மனதிலும் வருகிறார்.

அம்மாவிடம் பட்டியலை வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க குளிரு நம்ம கோல்ட் ரூம் மாதிரி இருக்குமா, அத விடவா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

*

எங்கள் ஊர் ஓசூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அந்தக் குளிர்ச்சிக்காகவே வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்ததாகச் சொல்வார்கள். 1970களில் சிப்காட் வந்தது. அப்பா அங்கே ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். 1998இல் அப்பா இறந்தபோது எனக்குப் பதினெட்டு வயது, தம்பிக்குப் பதினைந்து. மறு ஆண்டே அம்மா ரோஜாப் பண்ணை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். பாகலூர், பேரிகை, தளி, அமுதகொண்டபள்ளி என்று சுற்றுவட்டாரமெங்கும் பசுமைக் குடில்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. வெயிலும் குளிரும் அளவாக இருக்கும் இந்த மேட்டுநிலமும், 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரும்தான் ரோஜாவை இங்கே கொண்டுவந்தன.

அம்மா பறிக்கும் வேலையில் இல்லை, கட்டும் வேலையில் இருந்தாள். பறித்த பூ தண்ணீர் வாளியில் வரும். தண்டின் நீளத்தை அளவுப் பலகையில் பார்த்து 40 சென்டி, 50, 60, 70 எனப் பிரிக்க வேண்டும். கீழ் இலைகளை உருவி, தலைகள் ஒரே மட்டத்தில் நிற்கும்படி 20 பூக்களை ஒரு கட்டாக அட்டையில் சுற்ற வேண்டும். பிறகு 2 முதல் 4 டிகிரி வைத்த குளிர் அறை. அங்கிருந்து குளிரூட்டிய வண்டியில் விமான நிலையம். காதலர் தினத்துக்காக ஜனவரிக் கடைசியில் இரவும் பகலும் வேலை நடக்கும். கட்டுகிற கூடத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். மூன்று மொழியிலும் பேசியவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் அம்மா ஐரோப்பாவுக்குப் பெட்டி கட்டினாள். அந்தக் கூலியில்தான் நான் முனைவர் பட்டம் வரை படித்தேன். அட்டைப்பெட்டி மேல் இருந்த ஊர்ப் பெயர்களை அவள் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அவளைப் பொறுத்தவரை ஐரோப்பா என்பது ஒரு வெப்பநிலை. அதற்குள் எப்படி நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்: இரண்டு சாக்ஸ், புடவைக்கு மேல் ஸ்வெட்டர், காதை மூட ஒரு துண்டு, கொசுவத்தை ஒரு பிடி உயர்த்திக் கட்டு.

இவ்வளவு தெரிந்தவளிடம் யாரும் பட்டியல் கேட்டதில்லை. ஆய்வுக்காகப் பெண்களின் உரைநடையையே பல ஆண்டுகள் தேடிப் படித்த நானும் கேட்டதில்லை. அந்த வெட்கத்தோடுதான் பழைய பயணங்களைத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். யார் பெட்டி கட்டினார்கள், யார் போனார்கள்?

*

1888ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று பத்தொன்பது வயதை எட்டவிருந்த மோகன்தாஸ் காந்தி பம்பாயில் கப்பல் ஏறினார். கப்பலில் மேசைக்குச் செல்லக் கூச்சப்பட்டு, கூடக் கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையுமே அறைக்குள் உண்டதாகச் சுயசரிதையில் எழுதுகிறார். இங்கிலாந்தில் இறங்கும்போது போடுவதற்கென்று வெள்ளை ஃபிளானல் உடுப்பைப் பத்திரமாக வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் செப்டம்பர்க் கடைசியில் வெள்ளை உடுப்பில் நிற்பவர் அவர் ஒருவர்தான். மற்ற சாமான்களையும் சாவியையும் முகவரிடம் ஒப்படைத்தாயிற்று. மறுநாள் ஞாயிறு. திங்கள்வரை அந்த வெள்ளை உடுப்போடு கூசிக்கொண்டே இருந்தார். முதல் இரண்டு நாளுக்கு வேண்டியதைக் கைப்பையிலேயே வை என்று இன்று எல்லாரும் சொல்லும் புத்திமதியை அவர் இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டார்.

பிறகு 1893-94 வாக்கில், தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது, லண்டனுக்குப் போகும் இந்திய மாணவர்களுக்காக ஒரு வழிகாட்டி எழுதினார். என்னென்ன உடுப்பு வேண்டும், விலை என்ன என்றெல்லாம் கணக்குப் போட்டு எழுதியிருப்பார். இந்தியர் ஒருவர் எழுதிய ஐரோப்பியப் பயணப் பட்டியல்களில் முக்கியமானது அது. ஆணுக்கானது.

அதே 1888இல் ஃபுளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் சேர்ந்து எழுதிய, இந்தியாவில் குடித்தனம் நடத்த வரும் ஆங்கிலப் பெண்களுக்கான கையேடு வெளிவந்தது. சமையல், வேலைக்காரர்களை நடத்துவது ஆகியவற்றோடு, என்ன உடைகள் கொண்டுவர வேண்டும் என்பதும் அதில் உண்டு. நம் குட்டி இங்கிலாந்துக்கு வந்த துரைசானிகள் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துப் பெட்டி கட்ட முடிந்தது. இங்கிருந்து அங்கே போன பெண்களோ ஆளாளுக்குத் தம் பட்டியலைத் தாமே எழுத வேண்டியிருந்தது.

காந்தியின் பயணத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. செலவுக்குப் பணம் இல்லாதபோது மனைவியின் நகைகளை விற்கலாம், இரண்டு மூவாயிரம் தேறும் என்று அவர் யோசனை சொன்னார். அண்ணன் எப்படியாவது பணம் புரட்டுவதாகச் சொல்லிப் பொறுப்பேற்றார். கஸ்தூர்பாவின் கையில் அப்போது சில மாதக் குழந்தை. அவர் போகவில்லை. ஆனால் அந்தப் பயணத்தின் முதல் கணக்கிலேயே அவருடைய நகை வந்துவிட்டது.

நம் ஊர்க் கதையும் இதேதான். 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கணித மேதை ராமானுஜன் கிளம்பினார். குடுமியை எடுத்து, கோட்டு போட்ட தன் கோலத்தைப் பார்க்க வேண்டாமென்று தாயையும் மனைவியையும் சில நாள் முன்பே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். மனைவி ஜானகிக்கு அப்போது வயது பதினைந்துகூட நிறையவில்லை. தானும் வர ஆசைப்பட்டார். நடக்கவில்லை. கேம்பிரிட்ஜ் குளிரில் ராமானுஜன் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். பார்க்க வந்த மகலனோபிஸ்தான் மெத்தைக்கு அடியில் செருகியிருந்த கம்பளிகளைப் பிரித்து அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். கம்பளி கட்டிலிலேயே இருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்ல ஆள் இல்லை. பெட்டியில் பொருளை வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு என் மாணவிகளிடம் நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

1920இல் ராமானுஜன் இறந்தபோது ஜானகிக்கு இருபத்தொரு வயது. பின்னாளில் தையல் கற்று, திருவல்லிக்கேணியில் பிறர் துணிகளைத் தைத்துப் பிழைத்தார். 1994 வரை வாழ்ந்தார்.

*

போன பெண்களுக்கு முதலில் எழுந்த கேள்வி உடைதான். ஆண் கோட்டு மாட்டினால் முன்னேறிவிட்டான் என்றார்கள். பெண் உடை மாற்றினால் குலமே மாறிவிட்டதாகப் பேசினார்கள்.

1882இல் கல்கத்தாவிலிருந்து கணவரோடு இங்கிலாந்து போன கிருஷ்ணபாபினி தாஸ் புடவையை விட்டு ஆங்கில உடை அணிந்து கிளம்பினார். சிறு மகளைப் புகுந்த வீட்டாரிடம் விட்டுப் போக வேண்டியிருந்தது. 1885இல் அவர் வங்காளியில் வெளியிட்ட நூல், இங்கிலாந்து பற்றி இந்தியப் பெண் ஒருவர் எழுதிய மிக ஆரம்பகால நூல்களில் ஒன்று. 1883இல் மருத்துவம் படிக்கக் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய ஆனந்திபாய் ஜோஷி இங்கிலாந்து வழியாக அமெரிக்கா போனவர். தம் உடையை விடுவதில்லை என்ற உறுதியோடு போனார். ஆனால் ஒன்பது கஜப் புடவையில் கெண்டைக்கால் தெரியும். அந்தக் குளிருக்கு அது ஆகாது. கணுக்கால் வரை மூடும் குஜராத்திக் கட்டுக்கு மாறினார். இந்த மாற்றத்தைச் சின்ன விஷயமென்று நினைக்காதீர்கள். உடம்புக்குக் குளிர், ஊருக்கு மானம் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு பதினெட்டு வயதுப் பெண் தானே கண்டுபிடித்த வழி அது.

எங்கள் வீட்டுக் கேள்வி வேறு இடத்திலிருந்து வந்தது. பயணச் செய்தி கேட்டு அத்தை வந்திருந்தார்.

"ஏன் அண்ணி, அண்ணன் இருந்திருந்தா சரி. தனியா ஊரு சுத்தப் போறீங்கன்னு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?"

அம்மா பதில் சொல்லவில்லை. காப்பி ஆற்றிக் கொடுத்தாள். அப்பா போனதிலிருந்து அவள் பூ வைத்துக்கொண்டதில்லை. ஆயிரக்கணக்கான ரோஜாக்களைக் கட்டிவிட்டு, வேலைக்கு வந்த மற்றப் பெண்கள் உதிரிப் பூவைத் தலையில் செருகிக்கொண்டு போகும்போது, வெறும் தலையோடு பேருந்து ஏறியவள். அதை ஒரு குறையாக என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

அத்தைக்கு நான் பண்டித ரமாபாயைப் பற்றிச் சொன்னேன். 1882 பிப்ரவரியில் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டே கைக்குழந்தை மனோரமாவைத் தூக்கிக்கொண்டு பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். பெண்களின் கடமை பற்றி அவரே மராத்தியில் எழுதிய நூலை விற்ற பணம் பயணச் செலவுக்கு உதவியது. கட்டியிருந்தது வெள்ளைப் புடவை. அங்கே போயும் மரக்கறி உணவை விடவில்லை. 142 ஆண்டுக்கு முன்னால் ஒரு கைம்பெண் கேட்ட கேள்விக்கு இன்னும் நம் வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோமே அத்தை என்றேன். அத்தை சிரித்துவிட்டு, "நீ படிச்சவ, உன்கிட்ட பேச முடியுமா" என்று எழுந்துகொண்டார். ஒப்புக்கொண்டதாக அதற்கு அர்த்தமில்லை.

கட்டாமலே போன பெட்டிகளும் உண்டு. கிருபாபாய்க்கு இங்கிலாந்து போய் மருத்துவம் படிக்க உதவித்தொகை கிடைத்தது. உடல்நிலையைக் காட்டி அனுப்பவில்லை. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் உடல்நலம் கெட்டுப் படிப்பு நின்றது. கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரில் ஆங்கிலத்தில் நாவல் எழுதி, 1894இல் இளவயதிலேயே இறந்தார். பெண்களின் பயண வரலாறு எழுதும்போது போகாதவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

போய்வந்தவர்களில் என் மாணவிகளுக்கு மிகப் பிடித்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ராமானுஜன் தனியாகக் கப்பலேறிய அதே 1914இல், தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு திருமணம் செய்துகொண்டவர். 1925இல் உயர் மருத்துவப் பயிற்சிக்காக இங்கிலாந்து போனபோது குடும்பமே உடன் போனது. 1926இல் பாரிஸில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்கு 1921லேயே வாக்குரிமை வந்துவிட்டது. பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு அது 1944 வரை கிடைக்கவில்லை. வாக்குரிமை இல்லாத பெண்களின் தலைநகருக்கு, வாக்குரிமையோடு போனவர் நம் புதுக்கோட்டைப் பெண். ஐரோப்பாவைப் பார்க்கப் போகிறோம், நாம் கற்றுக்கொள்ளத்தான் போகிறோம் என்று தலை குனிந்து போக வேண்டியதில்லை.

*

துணி எடுத்து வைப்பதற்கு முன்னால் காகிதம் எடுத்து வைக்க வேண்டும். இன்றைய பெண்ணுக்குப் பெட்டியில் மிகக் கனமான பொருள் அதுதான். பிரிட்டிஷ் காலத்தில் மனைவியைக் கணவனின் கடவுச்சீட்டிலேயே சேர்த்துவிடுவார்கள். அவளுக்கென்று தனிச் சீட்டு வேண்டியதில்லை. நம் நாட்டில் 2016 டிசம்பரில்தான் விதிகள் தளர்ந்தன. திருமணச் சான்று கட்டாயமில்லை, தாய் தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்றானது.

ஷெங்கன் விசாவுக்கு, திரும்பிவரும் நாளுக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வேலை பார்ப்பவரானால் விடுப்புச் சான்று, சம்பளச் சீட்டு. என்னுடையதை அரை மணி நேரத்தில் முடித்தேன். அம்மாவின் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் முகவர் இல்லத்தரசி என்று தட்டச்சு செய்திருந்தார்.

"பன்னெண்டு வருசம் வேலை பாத்திருக்காங்க சார்" என்றேன்.

"ப்ரூஃப் இருக்கா மேடம்?"

இல்லை. வாரக் கூலியைக் கையில் கொடுத்தார்கள். சம்பளச் சீட்டும் இல்லை, பணிச்சான்றும் இல்லை. அவள் கட்டிய ஒவ்வொரு பெட்டிக்கும் பயிர்நலச் சான்றிதழ் உண்டு. பூச்சி இல்லை, நோய் இல்லை என்று அதிகாரி கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதம் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோஜா நுழைய முடியாது. பூவுக்கு இருந்த காகிதம் பூவைக் கட்டியவளுக்கு இல்லை. இல்லத்தரசி என்றே விட்டுவிட்டோம். செலவு முழுவதும் என் பொறுப்பு என்று நான் எழுதிக் கொடுத்தேன். என் படிப்புக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்று கேட்கும் படிவம் எதையும் நான் இதுவரை நிரப்பியதில்லை.

*

பிறகு சாப்பாடு. மே மாதம், எங்கள் மாவட்டம் முழுக்க மாம்பழ வாசனை. அரை டஜன் செந்தூராவைத் துணியில் சுற்றி அம்மா தயாராக வைத்திருந்தாள். முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. சான்றிதழ் இல்லாமல் பயணி கொண்டுபோகக்கூடிய பழங்கள் ஐந்தே: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியன். மாம்பழம் அதில் இல்லை. 2014 மே மாதம் இந்திய மாம்பழத்துக்கே ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டு, 2015இல்தான் நீக்கியது. இறைச்சியும் பால் பொருளும் கூடாது. ஆகவே நெய் உருண்டையும் போயிற்று.

"பூவ மட்டும் வாங்கிக்குவாங்களா?" என்றாள்.

வறுத்த ராகி மாவு, பருப்புப் பொடி, எள்ளுருண்டை, எலுமிச்சை ஊறுகாய் ஆகியவை தேறின. ஊறுகாயைக் கைப்பையில் வைக்கக்கூடாது. திரவமும் குழம்பு போன்றதும் 100 மில்லிக்கு மேல் போனால் விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஓட்டல் அறையில் அடுப்பு இருக்காது, தண்ணீர் காய்ச்சும் கெட்டில் இருந்தால் ராகிக் கூழுக்குப் போதும்.

கடைசியாகப் பணம். ஐரோப்பிய நகரங்களில் ஜேப்படி அதிகம், இடுப்பில் கட்டும் பை வாங்குங்கள் என்று குழுவில் எல்லாரும் சொன்னார்கள். ஓசூர்க் கடையில் 900 ரூபாய் சொன்னான். அம்மா தன் சுருக்குப்பையை எடுத்துக் காட்டினாள். 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்துப் பெண்களும் இதையேதான் செய்தார்கள். ஆண்களின் கோட்டில் பை தைத்திருக்கும். பெண்கள் தனியாக ஒரு பையை நாடாவால் இடுப்பில் கட்டி, மேல்பாவாடையின் பக்கவாட்டுப் பிளவு வழியே கைவிட்டு எடுப்பார்கள். சாவி, காசு, ஊசி நூல், தின்பண்டம் எல்லாம் அதற்குள்தான். உடை மெலிந்தபோது அந்தப் பை மறைந்து, கையில் தூக்கும் சின்னப் பை வந்தது. எளிதாகப் பறிக்கக்கூடியது. நம் பாட்டிகள் அந்தத் தவறைச் செய்யவில்லை.

*

கிளம்புவதற்கு முந்தின இரவு நான் பெட்டியை அடைக்க முயன்று, மூட முடியாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னை எழுப்பிவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள்.

2007இல் தம்பியை அவன் கம்பெனி மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியபோதும் அம்மாதான் கட்டினாள். இரவு வேலை முடிந்து வந்து, தூங்காமல். அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கனம் அடியில. சக்கரம் இருக்கிற பக்கம். நடுவுல சந்து விடாத, ஆடினாத்தான் நசுங்கும். அதுக்குன்னு அமுக்கவும் கூடாது."

ஷூவுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் மருந்து. இருவர் துணியையும் பாதி பாதியாகப் பிரித்து இரண்டு பெட்டியிலும் வைத்தாள். ஒன்று தொலைந்தால் இன்னொன்றில் இருவருக்கும் மாற்று இருக்கும். எனக்கு நாப்கின், அவளுக்கு முழங்கால் உறை, மருத்துவர் சீட்டோடு பத்து நாள் மாத்திரை. புடவை நான்கு, எல்லாம் எளிதில் காயும் வகை, அவற்றுக்குள் போட கம்பளிக் கால்சட்டை. தண்ணீர் ஊற்றிக்கொள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் சொம்பு. கைப்பையில் ஒரு நாள் துணி, காகிதங்களின் நகல். மாணவிகளே, நீங்கள் போகும்போது உங்களுக்கு உதவட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். பெட்டி 19 கிலோ வந்தது. பிரச்சினையில்லாமல் மூடியது.

ஆம்ஸ்டர்டாமில் மூன்றாம் நாள் விடியற்காலையில், குழுவை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மட்டும் ஆல்ஸ்மீருக்குப் போனோம். உலகின் மிகப் பெரிய பூ ஏலம் நடக்கும் இடம். மேலே நடைபாலத்தில் நின்று பார்க்கலாம். கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை பூவாளி ஏற்றிய தள்ளுவண்டிகள், ரயில்பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அம்மா கொசுவத்தை ஒரு பிடி உயர்த்திக் கட்டியிருந்தாள். காதை மூடித் துண்டு. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றாள். அழுவாளோ என்று பார்த்தேன். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மதியம் சிங்கல் கால்வாய் ஓரத்துப் பூக்கடைத் தெருவில் ஒரு கடை முன்னால் நின்றாள். சிவப்பு ரோஜாக் கட்டு. கையை நீட்டி, முழங்கையிலிருந்து விரல் வரை தண்டோடு வைத்துப் பார்த்தாள்.

"அம்பது சென்டி" என்றாள். அட்டையில் பார்த்தேன். ஐம்பதுதான்.

"நம்ம ஊர்ப் பூவா?"

"இல்லம்மா. கென்யான்னு போட்டிருக்கு. ஆப்பிரிக்கா."

"அங்கயும் பொம்பளைங்கதான் கட்டுவாங்களா?"

"பெரும்பாலும் அவங்கதாம்மா."

"பேரு போட்டிருக்கா?"

ஊர் இருந்தது, நீளம் இருந்தது, எண்ணிக்கை இருந்தது. கட்டியவள் பெயர் இல்லை என்றேன். அம்மா கட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தலைகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள்.

"நல்லா கட்டியிருக்கா" என்று சொல்லி, வாளியில் திரும்ப வைத்தாள்.